ரா வண்ணப் படத்தைப் புரோகிராமில் படிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜேபெக் படத்தையோ பிஎன்ஜி படத்தையோ புரோகிராமில் படிக்க ஒரே ஒரு கட்டளை போதும். அந்தப் பழக்கத்தில் ஒரு ரா (raw) கோப்பைத் திறக்கப் போனால் பிழைச் செய்திதான் வரும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். கோப்பில் ஒரு குறையும் இருக்காது. அது தன்னைப் பற்றி எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஜேபெக் கோப்பின் உள்ளே அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எத்தனை வண்ணங்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். அதற்குத் தலைப்பகுதி என்று பெயர். ரா கோப்பில் பெரும்பாலும் அது கிடையாது. முதல் பைட்டே முதல் பிக்சலின் சிவப்பு அளவு. அடுத்தது அதன் பச்சை, அதற்கடுத்தது அதன் நீலம். இப்படியே கடைசி பிக்சல் வரை வெறும் எண்கள். தலைப்பகுதி சொல்ல வேண்டியதை நாம்தான் புரோகிராமுக்குச் சொல்லித் தர வேண்டும். எழுத வேண்டிய கட்டளைகள் நான்கைந்துதான். எதைச் சொல்வது, தப்பாகச் சொல்லிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

உங்களிடம் இருப்பது எந்த ரா?

'ரா' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் புழங்குகின்றன. ஒன்று, மேலே சொன்ன தலைப்பகுதி இல்லாத எண் குவியல். படச் செயலாக்கம் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சிக்குத் தருவதும், ஆய்வகக் கருவிகள் துப்புவதும் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, கேமராக்கள் சேமிக்கும் ரா. நிகானின் என்இஎஃப், கேனனின் சிஆர்2, சோனியின் ஏஆர்டபிள்யூ, அடோபி 2004-இல் வெளியிட்ட டிஎன்ஜி எல்லாம் இந்த வகை. இவற்றுக்குத் தலைப்பகுதி உண்டு, உள்ளமைப்பும் சிக்கலானது. கேமராக் கோப்பை முதல் வகைபோலப் பைட் பைட்டாகப் படித்தால் உருப்படியாக எதுவும் கிடைக்காது. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம். அதுவரை பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

முதலில் திரட்ட வேண்டிய விவரங்கள்

கட்டளை எழுதும் முன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம், உயரம், ஒரு பிக்சலுக்கு எத்தனை வண்ணங்கள், ஒரு வண்ணத்துக்கு எத்தனை பிட், வண்ணங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, தொடக்கத்தில் தாண்ட வேண்டிய பைட்டுகள் ஏதாவது உண்டா. கோப்பைக் கொடுத்தவரிடம் கேளுங்கள். கூடவே வந்த குறிப்புக் கோப்பைப் பாருங்கள். கோப்பின் பெயரிலேயே 640x480 என்று இருந்தாலும் இருக்கும்.

பிறகு ஒரு பெருக்கல் கணக்கு. அகலம் 640, உயரம் 480, வண்ணங்கள் 3, ஒவ்வொன்றும் 8 பிட், அதாவது ஒரு பைட். 640 × 480 × 3 = 9,21,600 பைட். கோப்பின் அளவும் அப்படியே இருக்க வேண்டும். கணினி 900 கேபி என்று காட்டினால் அதுவும் சரிதான், 900 × 1024 = 9,21,600. ஆனால் கேபியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கோப்பின் பண்புகளில் பைட் எண்ணிக்கையே இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு பைட் வித்தியாசம்கூட ஏதோ ஒரு சேதி சொல்கிறது.

அளவு பொருந்திவிட்டது என்பதற்காக எல்லாம் உறுதியாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 1280 × 720 கறுப்பு வெள்ளைப் படமும் 9,21,600 பைட்தான். 960 × 960 கறுப்பு வெள்ளைப் படமும் அதேதான். 16 பிட் கறுப்பு வெள்ளைப் படம் 960 × 480 ஆக இருந்தாலும் அதே அளவு. அளவு பொருந்தாவிட்டால் நாம் போட்ட கணக்கு எங்கோ தப்பு, ஆனால் பொருந்துவது மட்டும் சாட்சியாகிவிடாது. படத்தைக் கண்ணால் பார்க்கும் வரை எதையும் முடிவு செய்யாதீர்கள்.

24 பைட்டில் ஒரு படம்

பெரிய கோப்பில் கை வைக்கும் முன் ஒரு குட்டிப் படத்தை நீங்களே உருவாக்கிப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்வேன். பத்து நிமிட வேலை. அதில் பிடிபடுவது பெரிய படத்தை மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தாலும் பிடிபடாது.

அகலம் 4, உயரம் 2. மேல் வரியில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. கீழ் வரியில் வெள்ளை, மஞ்சள், சாம்பல், ஆரஞ்சு. பிக்சல் வாரியாக எழுதினால் கோப்பில் இருக்க வேண்டிய எண்கள்:

மேல் வரி: 255 0 0, 0 255 0, 0 0 255, 0 0 0
கீழ் வரி: 255 255 255, 255 255 0, 128 128 128, 255 128 0

மொத்தம் 24 எண்கள், 24 பைட்டுகள். ஒவ்வொரு மூன்றும் ஒரு பிக்சல். அதே படத்தை வண்ணம் வாரியாகவும் எழுதலாம். அப்போது முதலில் எல்லாப் பிக்சல்களின் சிவப்பும் வரும், பிறகு எல்லாப் பச்சையும், கடைசியில் எல்லா நீலமும்:

சிவப்பு: 255 0 0 0 255 255 128 255
பச்சை: 0 255 0 0 255 255 128 128
நீலம்: 0 0 255 0 255 0 128 0

இரண்டும் ஒரே படம், ஒரே அளவு. எண்களின் வரிசை மட்டும் வேறு. மூன்றாவதாக வரி வாரி முறையும் உண்டு: முதல் வரியின் சிவப்பு முழுவதும், அதே வரியின் பச்சை, நீலம், பிறகு இரண்டாம் வரி. செயற்கைக்கோள் படங்களோடு பழகுபவர்கள் இந்த மூன்றையும் பிஐபி, பிஎஸ்க்யூ, பிஐஎல் என்ற பெயர்களில் அறிவார்கள்.

பிக்சல் வாரி முறையில் எந்த எண் கோப்பில் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. எல்லாவற்றையும் 0-விலிருந்து எண்ணினால்:

பைட்டின் இடம் = (வரி × அகலம் + நெடுவரிசை) × 3 + வண்ணம்

640 × 480 படத்தில் 2-ஆம் வரி, 5-ஆம் நெடுவரிசையில் உள்ள பிக்சலின் பச்சை வேண்டுமா? (2 × 640 + 5) × 3 + 1 = 3,856. அதே எண் வண்ணம் வாரிக் கோப்பில் 3,08,485-ஆவது இடத்தில் இருக்கும்: ஒரு வண்ணத்துக்கு 3,07,200 பைட், அதோடு 1,285. இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அடுத்து வரும் எதுவும் மந்திரமாகத் தெரியாது.

பைத்தானில் படிப்பது

பைத்தானில் இதற்கு நம்பை நூலகம் போதும். அதன் 'ஃப்ரம்ஃபைல்' கட்டளையிடம் கோப்பின் பெயரையும் எண் வகையையும் கொடுங்கள். எண் வகை, குறியில்லாத 8 பிட் முழு எண், நம்பையில் 'யூஇன்ட்8'. வகையைக் கொடுக்க மறந்தால் அது பைட்டுகளை எட்டெட்டாகச் சேர்த்துத் தசம எண்களாகப் படித்துவிடும். 9,21,600 எண்களுக்குப் பதில் 1,15,200 அர்த்தமில்லாத எண்கள் வந்து நிற்கும்.

கட்டளை முடிந்ததும் நீளமான ஒற்றை வரிசை ஒன்று கையில் இருக்கும். அதன் நீளம் நீங்கள் எதிர்பார்த்த எண்தானா என்று அங்கேயே சரிபார்க்கும் வரியை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் புரோகிராம் அங்கேயே நிற்கட்டும். பிறகு 'ரீஷேப்', அந்த ஒற்றை வரிசையை வரி, நெடுவரிசையாக மடித்துத் தரும் கட்டளை. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிக்சல் வாரிக் கோப்புக்கு உயரம், அகலம், 3 என்ற வரிசையில் கொடுக்க வேண்டும்: 480, 640, 3. பேச்சில் '640-க்கு 480' என்று அகலத்தை முதலில் சொல்லிப் பழகியதால் கை தானாக 640-ஐ முதலில் அடிக்கும். எண்களின் பெருக்குத்தொகை ஒன்றே என்பதால் நம்பை எந்தப் பிழையும் சொல்லாது, படம் மட்டும் கந்தலாக வரும்.

கோப்பு வண்ணம் வாரியாக இருந்தால் 3, 480, 640 என்று மடித்து, பிறகு 'டிரான்ஸ்போஸ்' கட்டளையால் அச்சுகளை, அதாவது 0-விலிருந்து எண்ணிய இந்த மூன்று திசைகளை, 1, 2, 0 என்று மாற்றி அடுக்குங்கள். வண்ண அச்சு கடைசிக்குப் போய்விடும். வரி வாரியாக இருந்தால் 480, 3, 640 என்று மடித்து 0, 2, 1.

வேறு மொழியில் கோப்பைத் திறக்கும்போது பைனரி முறையில் திறப்பதில் கவனமாக இருங்கள். விண்டோஸில் சி மொழியின் உரை முறையில் திறந்தால் 26 என்ற மதிப்புள்ள பைட் வந்ததும் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு படிப்பதை நிறுத்திவிடும். 13-உம் 10-உம் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விழுங்கிவிடும். படத்தில் 26 என்ற அளவு பெரும்பாலும் எங்கேயாவது வரும்.

மேட்லேபிலும் ஆக்டேவிலும்

மேட்லேபில் 'எஃப்ஓப்பன்' வைத்துத் திறந்து, 'எஃப்ரீட்' வைத்துப் படித்து, 'எஃப்குளோஸ்' வைத்து மூட வேண்டும். மேட்லேபைப் போன்ற இலவச மென்பொருளான ஆக்டேவிலும் இதேதான். படிக்கும்போது எண் வகை முன்னால் நட்சத்திரக் குறி போட்டு 'யூஇன்ட்8' என்று கொடுங்கள். நட்சத்திரம் இல்லாவிட்டால் மேட்லேப் பைட்டுகளைச் சரியாகத்தான் படிக்கும், ஆனால் கையில் தரும்போது எல்லாவற்றையும் தசம எண்ணாக மாற்றித் தரும். அந்த வகைப் படத்தில் 0 என்றால் கறுப்பு, 1 என்றால் வெள்ளை என்பது 'இம்ஷோ' கட்டளையின் கணக்கு. உங்கள் எண்கள் 255 வரை போவதால் திரையில் கிட்டத்தட்ட முழு வெள்ளைதான் தெரியும். வெள்ளைத் திரையைப் பார்த்துப் படித்ததே தப்பு என்று மொத்தத்தையும் அழித்துத் திரும்ப எழுதியவர்களை எனக்குத் தெரியும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறிதான்.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். மேட்லேப் எண்களை மேலிருந்து கீழாக, நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கும். கிளீவ் மோலர் 1970-களின் கடைசியில் அதை முதன்முதலில் ஃபோர்ட்ரானில் எழுதினார். ஃபோர்ட்ரானின் அடுக்குமுறை அதுதான், மேட்லேபிலும் அது அப்படியே தங்கிவிட்டது. ஜூலியா, ஆர் மொழிகளிலும் இதே வழக்கம். ரா கோப்போ வரி வரியாக எழுதப்பட்டது.

நம் 24 பைட் படத்தை மேட்லேபில் நேராக 2, 4, 3 என்று மடித்தால் என்ன ஆகிறது பாருங்கள். முதல் எட்டு எண்கள் 255 0 0 0 255 0 0 0. அவை மேலிருந்து கீழாக நிரம்பும். சிவப்புத் தளத்தின், அதாவது சிவப்பு எண்கள் மட்டும் உள்ள அடுக்கின், மேல் வரி 255 0 255 0 என்றும், கீழ் வரி முழுக்க 0 என்றும் வரும். வர வேண்டியதோ மேலே 255 0 0 0, கீழே 255 255 128 255. ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

சரியான வழி, கோப்பில் எது வேகமாக மாறுகிறதோ அதை முதலில் சொல்வது. பிக்சல் வாரிக் கோப்பில் மிக வேகமாக மாறுவது வண்ணம், அடுத்து நெடுவரிசை, கடைசியில் வரி. எனவே 3, அகலம், உயரம் என்று மடித்து, 'பெர்ம்யூட்' கட்டளையால் அச்சுகளை 3, 2, 1 என்று திருப்புங்கள். வண்ணம் வாரிக் கோப்பு என்றால் அகலம், உயரம், 3 என்று மடித்து 2, 1, 3. வேறு எந்த மொழிக்குப் போனாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: கோப்பில் வேகமாக மாறுவது எது, இந்த மொழியின் அணியில் வேகமாக மாறுவது எது?

தப்பாக வந்த படத்தைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. படம் தப்பாக வந்தால் உடனே எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் நிறுத்தி, வந்திருக்கும் படத்தை நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தனி முகம் உண்டு.

படம் சாய்ந்து, கோடு கோடாக ஓடுகிறதா? அகலம் தப்பு. உண்மையான அகலத்தைவிட ஒரு பிக்சல் குறைவாகக் கொடுத்தால் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட ஒரு பிக்சல் வலப்புறம் நகரும். நேராக நிற்கும் கம்பம் கீழே போகப் போக வலப்பக்கம் சாய்ந்து 45 பாகையில் கிடக்கும். அதிகமாகக் கொடுத்தால் இடப்பக்கம் சாயும். சாய்வு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். சாய்கிற திசையை வைத்துக் கூட்டவா குறைக்கவா என்றும் தெரிந்துவிடும்.

படத்துக்குப் பதில் சின்னச் சின்னதாக ஒன்பது கறுப்பு வெள்ளைப் படங்கள் மூன்றுக்கு மூன்றாக அடுக்கியதுபோல் தெரிகிறதா? வண்ணம் வாரிக் கோப்பைப் பிக்சல் வாரியாகப் படித்துவிட்டீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் ஒரே வண்ணம் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு பிக்சல் ஆகிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் சாம்பல் நிறம். மூன்று வரிகள் ஒரே வரியில் அடைபடுவதால் பக்கவாட்டில் மூன்று பிரதிகள். மேலே சிவப்புத் தளம், நடுவில் பச்சை, கீழே நீலம். முதல் தடவை பார்க்கும்போது பதறவைக்கும், ஆனால் இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

உருவம் எல்லாம் சரி, முகம் மட்டும் நீலம் பாய்ந்து வானம் ஆரஞ்சாக இருக்கிறதா? சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகம் வண்ணங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்துக்கொள்ளும். அதில் படித்ததைப் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் காட்டினாலும் இதே கதைதான். படம் தலைகீழாக இருந்தால் கோப்பு கீழ் வரியிலிருந்து எழுதப்பட்டது, வரிகளைப் புரட்டிவிடுங்கள். உருவம் மங்கலாகத் தெரிய, மேலெல்லாம் பச்சையும் ரோஜா நிறமும் படர்ந்திருந்தால் அது சிவப்பு, பச்சை, நீலக் கோப்பாக இல்லாமல் வீடியோக்களில் வரும், வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் ஒய்யுவி வகையாக இருக்கலாம். அதில் பரவலான 420 முறையில் ஒரு பிக்சலுக்குச் சராசரியாக ஒன்றரை பைட். 640 × 480 வீடியோச் சட்டம் (ஃபிரேம்) ஒன்று 4,60,800 பைட் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

ஒரு தடவை நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ரோஜாவின் படம், 640 × 480. திறந்தால் பூ நீலம், இலை சிவப்பு. வண்ண வரிசைதான் தப்பு என்று சிவப்பையும் நீலத்தையும் மாற்றினேன். பூ சிவப்பாகிவிட்டது. ஆனால் இலை நீலமாகிவிட்டது. வேறு வேறு வரிசைகளை முயன்று ஒருவழியாக நிறங்கள் எல்லாம் பொருந்திய பிறகும், படத்தின் இடது ஓரத்தில் வலது ஓரத்தின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கோப்பின் அளவைப் பார்த்தேன்: 9,21,728. கணக்கைவிட 128 அதிகம். கருவி தொடக்கத்தில் 128 பைட் தலைப்பகுதி எழுதியிருந்தது. 128-ஐ மூன்றால் வகுத்தால் 42, மீதி 2. அந்த 42-தான் படத்தை வலப்புறம் தள்ளியது, மீதி 2-தான் வண்ணங்களைச் சுழற்றியது. முதல் 128 பைட்டைத் தாண்டிப் படித்ததும் எல்லாம் ஒரே நொடியில் சரியானது. நம்பையின் 'ஃப்ரம்ஃபைல்' கட்டளையில் 'ஆஃப்செட்' என்று கொடுத்துத் தாண்டலாம், மேட்லேபில் 'எஃப்சீக்'. அளவை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு மாலை மிச்சம்.

அதிகப்படியான பைட்டுகள் தலைப்பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில கருவிகள் ஒவ்வொரு வரியும் 4-ஆல் வகுபட வேண்டும் என்று வரியின் கடைசியில் வெற்றுப் பைட்டுகளைச் சேர்க்கும். அகலம் 638 என்றால் ஒரு வரிக்கு 1,914 பைட், அது 1,916 ஆக நீட்டப்படும். 480 வரிக்கு 960 பைட் கூடுதல். இதைக் கவனிக்காமல் படித்தால் படம் சாய்வதோடு, வரிக்கு வரி வண்ணமும் மாறி மாறிச் சுழலும். கூடுதல் பைட்டுகள் உயரத்தால் மீதியின்றி வகுபட்டால் முதலில் வரிநிரப்பைச் சந்தேகியுங்கள், வகுபடாவிட்டால் தலைப்பகுதியை. திருத்துவது சுலபம். 480, 1916 என்று மடித்து, ஒவ்வொரு வரியிலும் முதல் 1,914-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு 480, 638, 3 என்று மடியுங்கள்.

அகலமே தெரியாத கோப்பு வந்தால்? படத்தில் அடுத்தடுத்த வரிகள் ஒன்றுபோலவே இருக்கும் என்ற உண்மையைப் பயன்படுத்தலாம். பைட் வரிசையை அதன்மீதே சில பைட்டுகள் நகர்த்தி வைத்து, கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் வித்தியாசங்களின் சராசரியைக் கணக்கிடுங்கள். 100 பைட் நகர்த்தல் முதல் சில ஆயிரம் வரை ஒவ்வொன்றாகச் செய்தால், ஒரு வரியின் சரியான நீளத்தில் வித்தியாசம் சட்டென்று பள்ளமாக விழும். 1,920-இல் பள்ளம் விழுந்தால், பிக்சல் வாரி வண்ணப் படத்தில் அகலம் 640. புரோகிராமில் ஐந்தாறு வரிதான். புரோகிராம் எழுதாமல் கண்ணால் தேட வேண்டுமானால் இமேஜ்ஜே மென்பொருளில் ரா கோப்பை இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளிலும் எண்களை மாற்ற மாற்றப் படம் மாறுவதை அங்கேயே பார்க்கலாம்.

16 பிட் கோப்புகள்

ஒரு வண்ணத்துக்கு இரண்டு பைட் என்றால் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. இரண்டில் பெரிய பைட் முன்னால் வருமா, சிறியது முன்னால் வருமா? 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 3 × 256 + 232. சிறியது முன் வரும் முறையில் கோப்பில் 232, 3 என்று இருக்கும். அதைப் பெரியது முன் என்று படித்தால் 232 × 256 + 3 = 59,395. ஒவ்வொரு பிக்சலும் இப்படிச் சிதறுவதால் உருவத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிய, மேலே புள்ளி புள்ளியாக இரைச்சல் கொட்டிக் கிடக்கும். நம்பையில் எண் வகையின் முன்னால் 'சிறியது' குறியோ (<) 'பெரியது' குறியோ (>) போட்டு இதைச் சொல்லலாம்.

படம் சரி, ஆனால் ஏறக்குறைய கறுப்பாகத் தெரிகிறது என்றால், உள்ளே இருப்பது 12 பிட் தரவாக இருக்கலாம். அதன் உச்சம் 4,095. 65,535-ஐ வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும் திரையில் அது பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான். உச்ச எண்ணைக் கேட்டுப் பார்த்து, தசம எண்ணாக மாற்றி, 4,095-ஆல் வகுங்கள். அப்படியே 8 பிட் வகைக்கு மாற்றாதீர்கள். நம்பை 255-ஐத் தாண்டியதைச் சுற்றிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும். 8 பிட் படங்களைக் கூட்டும்போதும் இந்த ஆபத்து உண்டு: 200-உம் 100-உம் நம்பையில் 44, மேட்லேபில் 255. இரண்டுமே நீங்கள் எதிர்பார்த்த 300 இல்லை.

கேமரா ரா

பெரும்பாலான கேமராக்களின் உணரியில் (சென்சாரில்) ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு வண்ணத்தைத்தான் அளக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு நீலம். மற்ற இரண்டு வண்ணங்களையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டுத்தான் நிரப்ப வேண்டும். அதோடு கறுப்பு மட்டத்தைக் கழிப்பது, வெண்சமநிலை, காமா என்று இன்னும் சில படிகள் இருக்கின்றன. இவற்றைப் புதியவர் ஒருவர் கையால் எழுதத் தேவையில்லை. டேவ் காஃபின் 1997-இல் தொடங்கிய டிசிரா புரோகிராமின் வழிவந்த லிப்ரா நூலகம் இதற்கென்றே இருக்கிறது. பைத்தானில் அதை ராபை மூலம் பயன்படுத்தலாம். திறக்க ஒரு கட்டளை, வண்ணப் படமாக மாற்ற 'போஸ்ட்பிராசஸ்' என்று இன்னொரு கட்டளை. வருவது வழக்கமான உயரம், அகலம், 3 அணி.

உணரியின் எண்களை அப்படியே பார்க்க விரும்பினால் அதே ராபையில் 'ராஇமேஜ்' கொடுக்கும் அணியைப் பாருங்கள். அது இரு அச்சு அணி, வண்ண அச்சு கிடையாது. ஓப்பன்சிவியில் வண்ணம் நிரப்பப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மற்ற எல்லோரும் சிவப்பு, பச்சை, பச்சை, நீலம் என்று பெயரிடும் அமைப்புக்கு அங்கே 'பேயர்பிஜி' என்று பெயர். பெயரை நம்பிச் சிவப்பில் தொடங்குவதைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறி வரும்.

சரிபார்த்துச் சேமிப்பது

படம் சரியாக வந்ததும் அதை அதே வரிசையில் ஒரு புதிய ரா கோப்பாகத் திரும்ப எழுதி, பழையதோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். ஒரு பைட்டும் சிந்தவில்லை என்பதற்கு இதுதான் உறுதி. மேட்லேபில் எழுதும்போது அச்சுகளை மறுபடி 3, 2, 1 என்று திருப்பிய பிறகே எழுத வேண்டும். அகல உயர எண்கள் சரிதானா என்பதை இது காட்டாது, எப்படி மடித்தாலும் திரும்ப விரித்தால் அதே பைட்டுகள்தான் வரும். அதற்குக் கண்தான் சாட்சி.

கடைசியாக, அடுத்து இந்தக் கோப்பைத் திறக்கப்போகிறவருக்காக ஒரு காரியம் செய்யுங்கள். பிபிஎம் என்று ஒரு மிக எளிய பட வடிவம் இருக்கிறது. ஒரு வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'பி'யும் 6-உம், அடுத்த வரியில் 640 480, அதற்கடுத்த வரியில் 255. மூன்று வரிக்கும் ஒவ்வொரு வரிமாற்றக் குறி. மொத்தம் 15 பைட். பிக்சல் வாரியாக இருக்கும் உங்கள் 8 பிட் ரா கோப்பின் முன்னால் இந்த 15 பைட்டை ஒட்டி, பெயரின் கடைசியில் பிபிஎம் என்று போட்டுச் சேமியுங்கள். கோப்பு இப்போது 9,21,615 பைட். கிம்ப்பில் போட்டுப் பாருங்கள், அகலமும் உயரமும் கேட்காமல் நேராகத் திறந்துகொள்ளும்.